நாலு பேர் மேசையில் எந்த டெக் வெல்லும்?

மஜிக் த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் கொமாண்டர் முறை பற்றி எங்கட பெடியள் கேட்டவையும் என் பதில்களும். புதிதாக வருகிறவர்களுக்கு: வழக்கமாக நாலு பேர், ஆளுக்கு 100 காட் உள்ள ஒரு டெக், பேசிக் லாண்டைத் (மற்றக் காட்களைப் போடச் செலவாகிற மனாவைத் தருகிற அடிப்படைக் காட்) தவிர எந்தக் காட்டும் இரண்டு தரம் வரக்கூடாது, ஆளுக்கு 40 லைஃப், அது தீர்ந்தால் வெளியே.

கொக்குவில்: அண்ணை, ஒருத்தனோடு ஒருத்தன் விளையாடினால் சிவப்பு நிறக் காட்களால் கட்டின என் டெக் நாலைந்து சுற்றில் ஆளை முடித்துவிடும். கொமாண்டரில் அதே மாதிரிக் கட்டினால் நான்தான் முதலில் வெளியே. ஏன்?

கணக்கைப் பாரும் தம்பி. அங்கே 20 லைஃப் எடுத்தால் சரி, இங்கே மூன்று பேரிடம் 120 எடுக்க வேண்டும். லைட்னிங் போல்ட் என்ற காட் 3 லைஃப்தான் குறைக்கும், அதுவும் ஒன்றுதான் வைக்கலாம். நீர் ஒருத்தனை விரட்டி விரட்டி அடிக்கிற நேரத்தில் மற்ற இரண்டு பேரும் ஆறுதலாக இருந்து லாண்ட் சேர்ப்பார்கள், உம்முடைய கை காலியானதும் திரும்புவார்கள். சிவப்பை விட மனமில்லையென்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழுகிற அடியைத் தேடும். கிரென்கோ மொப் பொஸ் என்ற காட்டை ஒவ்வொரு தரம் டாப் பண்ணும்போதும் (சாய்த்துப் பயன்படுத்தும்போதும்) அது உம்மிடம் உள்ள கொப்ளின் கிரீச்சர்களின் (சண்டைக்கு நிற்கிறவை) தொகையை இரட்டிப்பாக்கும், பக்கத்தில் இம்பாக்ட் ட்ரெமர்ஸ் இருந்தால் வருகிற ஒவ்வொரு கொப்ளினுக்கும் மூன்று பேருக்கும் 1 விழும்.

சுன்னாகம்: நீலத்தில் கொன்ட்ரோல் டெக் (மற்றவர்களைத் தடுத்து அடக்கி வைக்கிறது) கட்டுகிறேன். எத்தனை கவுன்டர் (மற்றவன் போடுகிற காட்டைத் தடுக்கிற காட்) வைக்கலாம்?

குறைவாக. ஒருத்தனுடைய காட்டைக் கவுன்டர் பண்ணினால் உமக்கும் ஒன்று போச்சு, அவனுக்கும் ஒன்று போச்சு, சும்மா பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும்தான் லாபம். கவுன்டரை ஆட்டத்தை முடிக்கிற காட்டுக்கென்று ஒதுக்கி வையும். மூன்று பேருடைய பலத்தையும் ஒரே காட்டில் துடைக்கிற ராத் ஒஃப் கோட் (வெள்ளையும் சேர்ந்த டெக்கென்றால்), 7 மனாவுக்கு ஓவர்லோட் பண்ணின (கூட மனா கட்டி எல்லார் மேலும் விழ வைத்த) சைக்ளோனிக் ரிஃப்ட், இவைதான் இங்கே கொன்ட்ரோல். ரிஃப்டை உமக்கு முன்னால் விளையாடுகிறவருடைய சுற்று முடிகிற நேரத்தில் போடும், வெறும் மேசையில் உம்முடைய சுற்றுத் தொடங்கும். அப்புறம் புரொபகாண்டா: உம்மை அடிக்க வருகிற ஒவ்வொரு கிரீச்சருக்கும் 2 மனா கட்ட வேண்டும். கட்ட மனமில்லாதவன் பக்கத்து ஆளை அடிப்பான், உமக்கு வேண்டியது அதுதானே.

நல்லூர்: தாசாஸ் ஒரக்கிள் கொம்போ (சேர்த்துப் போட்டால் ஆட்டத்தையே முடிக்கிற காட் சோடி) போட்டால் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். நான் செய்வது பிழையா அண்ணா?

சட்டப்படி பிழையில்லை தங்கச்சி. ஒரக்கிளுக்கு 2 மனா, டெமொனிக் கன்சல்டேஷனுக்கு 1, டெக்கில் இல்லாத ஒரு காட்டின் பெயரைச் சொன்னால் முழு டெக்கும் எக்ஸைல் (ஆட்டத்துக்கு வெளியே), டெக் காலியென்றால் ஒரக்கிள் உம்மை வெல்ல வைக்கும், ஆட்டம் முடிந்தது. 120 லைஃப் பற்றிக் கவலையே இல்லை. பலம் மட்டும் பார்த்தால் கொம்போதான் மேல். ஆனால் மற்ற மூன்று பேரும் கடையில் வாங்கின டெக்கோடு வந்திருந்தால் அது விளையாட்டே இல்லை. 2025இல் இந்த விளையாட்டை வெளியிடுகிற விசார்ட்ஸ் பலத்தின்படி 5 நிலைகளாக டெக்குகளைப் பிரித்தது இதற்காகத்தான். இருக்கும்போதே எந்த நிலை என்று கதைத்துவிடுங்கள்.

மானிப்பாய்: மாமா ரொறன்ரோவிலிருந்து மனா கிரிப்ட் காட் கொண்டுவரட்டா என்று கேட்கிறார்.

கொமாண்டருக்கென்றால் வேண்டாம் என்று சொல்லும். 2024 செப்ரெம்பரில் ஜுவல்ட் லோட்டஸ் காட்டோடு சேர்த்துத் தடை செய்தார்கள். மனாவுக்கு ‘சொல் ரிங்’ காட் போதும்.

உரும்பிராய்: நல்லாகத்தான் விளையாடுகிறேன், ஆனால் மூன்று பேரும் சேர்ந்து என்னையே அடிக்கிறார்கள்.

நல்லாக விளையாடுவது மற்றவர்களுக்குத் தெரிகிறது, அதுதான் பிரச்சினை. 304 சீட்டாட்டத்தில் எதிரே இருக்கிறவர் கடைசிவரை உம்முடைய கூட்டாளி, இங்கே கூட்டு ஒரு சுற்றுக்குத்தான், அதுவும் முன்னுக்கு நிற்கிறவனுக்கு எதிராக. ஆகவே இரண்டாவது பலசாலியாகத் தெரிகிற டெக்கைக் கட்டும். எனக்குப் பிடித்தது கறுப்புச் சக்ரிஃபைஸ் டெக் (தன் கிரீச்சர்களையே பலி கொடுக்கிறது). சின்னச் சின்னக் கிரீச்சர்கள், பார்க்க ஒரு பயமும் இல்லை, நடுவில் ஒரு பிளட் ஆர்டிஸ்ட். யாருடைய கிரீச்சர் செத்தாலும் நீர் காட்டுகிற ஆளுக்கு 1 லைஃப் குறையும், உமக்கு 1 கூடும். மேசையில் இருபது கிரீச்சர் நிற்கும்போது ராத் கையில் வைத்திருக்கிறவன் அதைப் போட முதல் உம்முடைய முகத்தைத்தான் பார்ப்பான்.