நோய்க்கு யார் பொறுப்பு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புகைபிடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவரின் சிகிச்சைக்கு, அந்தப் பழக்கமே இல்லாத நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நோய் வராமல் தடுக்க யாரால் முடிந்திருக்கும் என்பது ஒன்று; வந்த பிறகு செலவை யார் ஏற்பது என்பது மற்றொன்று. முதலாவதற்கு ‘அவரால்’ என்பதே விடையானாலும், இரண்டாவதற்கும் அதுவே விடையாகிவிடாது. பொறுப்பை வசூலித்தே ஆக வேண்டுமென்றால் சிகரெட்டின் மீது வரியாகக் கடையிலேயே வசூலித்துவிடலாம். அது முன்கூட்டியே தெரிந்தது, எவருடைய ஒழுக்கத்தையும் விசாரிக்காதது, புகைப்பதையும் குறைப்பது. மூச்சுத் திணறிக் கிடப்பவரிடம் வசூலிக்கப் புகுந்தால் மருத்துவர் நீதிபதியாகிவிடுவார். நீதிபதியிடம் எத்தனை ஆண்டுகள் புகைத்தோம் என்ற உண்மையை யார் சொல்வார்?

கேள்வி: குடியால் கல்லீரல் கெட்டவருக்கும் இதே நியாயம்தானா?

பதில்: முழுவதும் அல்ல. பணத்தைத் திரட்டிவிடலாம், மாற்றுக் கல்லீரலைத் திரட்ட முடியாது. ஆகவே தேர்வு தவிர்க்க முடியாதது. ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்ற விதியைப் பல உறுப்பு மாற்று மையங்கள் பின்பற்றிவந்தன. ஆனால், மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான ஈரல் அழற்சி மதுவால் வந்தவர்களில் கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்குக் காத்திருக்காமல் உறுப்பு மாற்றியபோது, 77 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குப் பின்னும் உயிருடன் இருந்ததையும், மாற்றப்படாதவர்களில் அது 23 சதவீதமே என்பதையும் 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்த உறுப்பு இவருக்குப் பயன்படுமா என்பதே மருத்துவரின் கேள்வி. இவர் அதற்குத் தகுதியான மனிதரா என்பது அவருடைய வேலையல்ல.

கேள்வி: மனவுறுதி இருந்தால் எவரும் நலமாக வாழலாமே?

பதில்: 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. எல்லோருக்கும் வேலை இருந்தது, கட்டணமில்லாத மருத்துவமும் இருந்தது. அப்படியிருந்தும், வாயிற்காவலர் போன்ற கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கடைநிலையில் புகைப்போர் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் பங்கைக் கழித்த பின்னும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. நிற்க, மனவுறுதியே தேவைப்படாத வழிகளும் உண்டு: டென்மார்க் 2003இல் உணவிலுள்ள, இதயத்துக்குக் கேடான செயற்கை டிரான்ஸ் கொழுப்புக்குச் சட்டத்தால் வரம்பு கட்டியது. அதன் பிறகு, பொட்டலத்தின் பொடி எழுத்துகளைப் படிக்காதவரும் காக்கப்பட்டார்.

கேள்வி: எந்த மருத்துவக் காப்பீடு நல்லது?

பதில்: காப்பீட்டு ஆலோசகரிடம் கேளுங்கள்.

கேள்வி: உடல் பருமன் உள்ளவர்களின் செலவை மட்டும் நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

பதில்: முதல் பதிலில் புகை வரும் இடத்தில் எடையை வைத்துப் படியுங்கள். மலையேறி விழுந்து காலை முறித்துக்கொண்டவரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: புகைப்போராலும் உடல் பருமன் உள்ளவர்களாலும் மொத்தச் செலவு கூடுகிறது என்கிறேன் நான், இந்தப் பகுதிக்கு முன்பு எழுதிய நண்பர் ஒருவரோ, அவர்கள் சீக்கிரம் இறப்பதால் செலவு குறைகிறது என்று வாதிடுகிறார். ‘அப்படியானால் புகைப்பதை ஊக்குவிக்கலாமா?’ என்று அவரைக் கேட்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: கணக்கில் நண்பர் பக்கம் வலு இருக்கிறது. 2008இல் வெளியான நெதர்லாந்து மாதிரிக் கணக்கீடு ஒன்றில், வாழ்நாள் மருத்துவச் செலவு அதிகமானது நலமாக வாழ்ந்தவர்களுக்குத்தான்; முதுமையின் நோய்கள் நீண்ட காலம் செலவு வைப்பவை. புகைப்பதை ஊக்குவிக்கலாமா என்று நீங்கள் அவரைக் கேலி செய்திருப்பது பொருந்தாது. அந்தக் கணக்கில் இழந்த உழைப்பு இல்லை, தந்தையை இழந்த குழந்தைகள் இல்லை. ‘நம் பணத்தைத் தின்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டைத் தள்ளுவதற்கு மட்டுமே அது உதவும். அவரும் அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

கேள்வி: ஹெல்மெட் அணியாமல் விழுந்தவருக்கு ஏன் இலவசச் சிகிச்சை?

பதில்: அபராதத்தைச் சாலையில் வாங்குங்கள். மருத்துவரை நீதிபதியாக்க வேண்டாம் என்று மீண்டும் எழுத வைக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே கிடையாதா?

பதில்: உண்டு, பிறரைத் தொடும் இடத்தில் கூடுதலாகவே உண்டு. காசநோய்க்கான ஆறு மாத மருந்தைப் பாதியில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகி அடுத்தவருக்கும் பரவக்கூடும். அதனால் மாத்திரையை விடாமல் விழுங்குமாறு நோயாளியிடம் வற்புறுத்தலாம். ஆனால் மருந்து வாங்க வரும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார் என்றால், முதலில் மாற்ற வேண்டியது மருந்து கொடுக்கும் நேரத்தை.