சிஜேடி என்று முடிவு கட்டுவதற்கு முன்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இரண்டு மாதமாக ஞாபகம் வேகமாகக் குறைகிறது. முகமும் கையும் அடிக்கடி வெட்டி இழுக்கின்றன. சிஜேடியாக இருக்கலாம், வைத்தியம் கிடையாது என்கிறார்கள். வேறு நோயாக இருக்க வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் சொல்லும் அந்த வெட்டு இழுப்புதான் என்னை யோசிக்க வைக்கிறது.

சிஜேடி (க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்), அதாவது பிரையான் என்கிற உருமாறிய புரதம் மூளையை அழிக்கும் நோய், அபூர்வம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் வரும். வந்தால் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சியும் இதே வேகத்தில் நினைவைக் குலைக்கும். அதில் எல்ஜிஐ1 என்ற மூளைப் புரதத்தைத் தாக்கும் வகை அப்பா வயதுக்காரர்களிடம் அதிகம். ஒரே பக்கத்து முகமும் கையும் ஓரிரு நொடி இழுத்து விடும். ஒரு நாளில் பல தடவை வரும். சிஜேடியிலும் உடல் துள்ளும், ஆனால் பல சமயம் சத்தம் கேட்டோ தொட்டாலோ திடுக்கிட்டுத் துள்ளுவார்கள். செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இழுப்பு நேரத்தில் எடுத்த ஈஈஜிகூட (மூளையின் மின் அலைப் பதிவு) இயல்பாக இருக்கலாம். அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் ரத்தத்தில் சோடியம் பாருங்கள். எல்ஜிஐ1 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது குறைந்திருக்கும். அதிகச் செலவில்லாத சோதனை, ஆனால் 'வயசானவருக்கு உப்பு குறைவு' என்று கடந்துபோய்விடுகிறார்கள்.

எம்ஆர்ஐ ஸ்கேனில் டிஃப்யூஷன் என்ற வகைப் படம் அவசியம். மூளையின் மேற்புறணி நாடா போலவோ, உள்ளே காடேட், புட்டாமென் பகுதிகளோ அதில் வெளுத்துத் தெரிந்தால் சிஜேடி பக்கம் சாயலாம். நெற்றிப்பொட்டுக்கு உட்புறம், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் மட்டும் ஃபிளேர் என்ற இன்னொரு வகை எம்ஆர்ஐ படத்தில் வெளுத்திருந்தால் அழற்சியைத் தேட வேண்டும். தண்டுவட நீரில் 14-3-3 புரதம் கூடியிருந்தாலே சிஜேடி என்று ஆகிவிடாது. நரம்பணுக்கள் வேகமாக அழியும் எந்த நோயிலும் அது கூடும். அதே நீரில் பிரையான் புரதத்தையே தேடும் ஆர்டி-குவிக் சோதனை அதைவிட மிகவும் நம்பகமானது.

மூளையைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ஆன்டிபாடி சோதனைக்கு ரத்தம், தண்டுவட நீர் இரண்டையும் அனுப்பச் சொல்லுங்கள். எல்ஜிஐ1 ஆன்டிபாடி ரத்தத்தில்தான் நன்றாகத் தெரியும். சிகிச்சையாக இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள்) ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முடிவு குழம்பும். முடிவு வரச் சில நாட்களாகும். தொற்றும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயும் இல்லை என்று தெரிந்தால், சந்தேகம் வலுவாக உள்ளபோது அதுவரை காத்திராமல் ஸ்டீராய்டு ஊசி தொடங்குவதுண்டு. தாமதிக்கத் தாமதிக்க நினைவு திரும்புவது குறையும். இந்த வாரமே கேளுங்கள்.