ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில சானெட்டுகளில் (14 வரிக் கவிதைகளில்) 'காலம்' ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எளிமையாக விளக்க முடியுமா?

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாமாண்டு, அடுத்த வாரம் செமஸ்டர் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். சரியாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது ஒரே வரிதான்: "காலம் எல்லாவற்றையும் அழிக்கும், கவிதை மட்டும் அழியாது." இதை நாலு பக்கத்துக்கு நீட்டி எழுதினால் பத்துக்கு ஏழு நிச்சயம். அத்தோடு நீங்கள் கிளம்பலாம்.

நான் அப்படி எழுதாமல் மாட்டிக்கொண்டவன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

என் அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்பவர். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஆறடிக்கு நாலடி கடை. ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தபடியே இருப்பார். கல்லூரி விட்டதும் நான் நேராகக் கடைக்குப் போய்விடுவேன். பேட்டரி மாற்றுவது, வார் மாட்டுவது, ரிப்பேருக்கு வரும் கடிகாரத்தில் அட்டை கட்டுவது என் வேலை. சின்ன அட்டைத் துண்டில் பெயர், தேதி, என்ன கோளாறு என்று எழுதி நூலால் கட்ட வேண்டும். பெயர் எழுத மறந்துவிட்டால் அன்றைக்குக் கடை சாத்தும்வரை திட்டு விழும்.

ஷேக்ஸ்பியரின் 12ஆம் சானெட்டை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்தேன். அதன் முதல் வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: "வென் ஐ டூ கவுண்ட் த கிளாக் தட் டெல்ஸ் த டைம்." பத்துச் சொற்கள். ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ஓரசைதான். டக், டக், டக் என்று போகும். நான் இரண்டு மூன்று முறை படித்ததும் அப்பா குனிந்தபடியே, "என்னடா, செகண்டு முள்ளு மாதிரி படிக்கிற?" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கடிகார முகப்பில் எழுதியிருக்கும் அளவுதான். எந்த நோட்ஸிலும் எனக்குச் சொல்லித் தராத விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"நேரம் சொல்லும் மணியை நான் எண்ணும்போது" என்பது அந்த வரியின் பொருள். மணியைப் பார்க்கும்போது என்றில்லை, எண்ணும்போது. 'கிளாக்' என்ற சொல்லே ஆலய மணியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். "மணி என்ன?" என்று கேட்கும்போது நாமும் அடிக்கிற மணியைத்தானே கேட்கிறோம். அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலான கடிகாரங்களுக்கு மணி முள் மட்டும்தான். 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் பெண்டுலக் கடிகாரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நிமிட முள் பரவலாக வந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது "ஒத்தை முள்ளா? அப்ப ரிப்பேரும் பாதிதான்" என்றார்.

60ஆம் சானெட் நிமிடங்களைப் பற்றியது. கூழாங்கல் கரையை நோக்கி அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு வருவதுபோல நம் நிமிடங்கள் முடிவை நோக்கி ஓடுகின்றன என்று தொடங்கும். 12இல் மணி, 60இல் நிமிடம். இது வேண்டுமென்றே வைத்த எண்ணா, 1609இல் பதிப்பாளர் தாமஸ் தார்ப் வெளியிட்டபோது அமைந்த வரிசையா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பேராசிரியர் யாராவது படித்தால் கோபப்பட வேண்டாம். எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

12ஆம் சானெட்டில் இன்னொரு இடம். அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டு வண்டியில் போகிறது. அது அவர் கண்ணுக்கு, நரைத்த முரட்டுத் தாடியோடு ஒரு கிழவர் பாடையில் போவதுபோலத் தெரிகிறது. கதிரின் கூர்முனைதான் தாடி. அடுத்து வருவது காலத்தின் அரிவாள். நாள் என்பதே உயிரை அறுக்கும் வாள் என்று குறளில் படித்து வளர்ந்த நமக்கு இந்த அரிவாள் புதிதில்லை. ஆனால் நம் ஆட்கள் நிலையாமையைச் சொன்னால் அடுத்து "அறம் செய்" என்பார்கள், இல்லையென்றால் "பற்றை விடு" என்பார்கள். இவர் காலத்தோடு பேரம் பேசுகிறார். 19ஆம் சானெட்டைப் பாருங்கள். சிங்கத்தின் நகத்தை மழுக்கிக்கொள், புலியின் பல்லைப் பிடுங்கிக்கொள், உலகத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என் அன்பன் நெற்றியில் மட்டும் கோடு போடாதே என்கிறார். பேரம் படியவில்லை என்றதும், "சரி, செய்வதைச் செய். என் கவிதையில் அவன் இளமையாகவே இருப்பான்" என்று முறுக்கிக்கொள்கிறார்.

முதல் 17 சானெட்டுகளில் அந்த அன்பனான இளைஞனுக்குச் சொல்லும் வழி வேறு. கல்யாணம் செய்துகொள், பிள்ளை பெற்றுக்கொள், உன் முகம் பிள்ளையில் தொடரும். அதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

கவிதை காப்பாற்றும் என்ற வாக்குறுதிதான் விஷயமே. 18இல் சொல்கிறார், 55இல் பளிங்குச் சிலைகளைவிட இந்த வரிகள் நிலைக்கும் என்கிறார். வெண்கலத்தைவிட நீடித்து நிற்கும் சின்னம் எழுப்பிவிட்டேன் என்று ரோமானியக் கவிஞர் ஹோரஸ் லத்தீனில் சொன்ன பழைய பெருமைதான் அது. 81இல் இன்னும் ஒரு படி மேலே போய், "உன் பெயர் இனி சாகாது" என்கிறார். இதை நான் அப்பாவுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பாட்டு இருக்கிற வரைக்கும் உன் பேரு சாகாதுங்கிறாருப்பா."

"யார் பேரு?"

"அது வந்து, பேரு சொல்லலை."

"எந்தப் பாட்டுலயுமா?"

"154லயும் இல்லை."

அப்பா லென்ஸைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேரு எழுதாம வாங்கி வச்சா, அப்புறம் யார்கிட்ட திருப்பிக் குடுக்கிறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, அவருக்கு அது தொழில் கேள்வி.

"135, 136இல் 'வில்' என்ற பெயர் வருகிறதே" என்று யாராவது கருத்துப் பெட்டிக்கு ஓடி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அது வில்லியம் ஷேக்ஸ்பியர் தன் சொந்தப் பெயரை வைத்து ஆடுகிற ஆட்டம். 1609 பதிப்பின் சமர்ப்பணத்தில் இருக்கும் 'டபிள்யூ. ஹெச்.' வெறும் இரண்டு எழுத்து, அதுவும் பதிப்பாளர் போட்டது. நானூறு வருடமாக அந்த இளைஞன் யார் என்று தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அப்பாவின் கேள்வியைத்தான் கொஞ்சம் ஆங்கிலம் பூசி அசைன்மென்ட்டாக எழுதினேன். பெயர் சாகாது என்று சொல்லும் கவிஞர் பெயரையே சொல்லவில்லை, எனவே காலத்தை வென்றுவிட்டார் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பது என் வாதம். திரும்பி வந்த தாளில் சிவப்பு மையில் "நோட்ஸில் இல்லாததை எழுதாதே" என்று இருந்தது. பத்துக்கு மூன்று. எந்தக் கல்லூரி, எந்த ஆசிரியர் என்று கேட்காதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அந்த நோட்ஸ் யாரோ கொடுத்ததுதான். ஆனால் அந்த மூன்று இன்னும் உறுத்துகிறது.

பல வருடம் கழித்து 1609 பதிப்பின் பக்கங்களைப் படமாக இணையத்தில் பார்த்தேன். 126ஆம் சானெட்டில் வந்து நின்றுவிட்டேன். அந்த இளைஞனைப் பார்த்துப் பேசும் வரிசையில் கடைசிக் கவிதை அது. சானெட் என்றால் 14 வரி, ஆனால் இதில் 12 தான். உன்னை இயற்கை இவ்வளவு நாள் பிடித்து வைத்திருக்கிறாள், ஆனால் காலத்திடம் கணக்கு முடிக்க வேண்டிய நாள் அவளுக்கும் வரும் என்கிறார். கணக்குத் தணிக்கை தள்ளிப் போகலாம், நடக்காமல் போகாது. அவள் கடன் தீர்க்கிற ஒரே வழி உன்னை ஒப்படைப்பது. கவிதை உன்னைக் காக்கும் என்ற பேச்சே இதில் இல்லை. 13ஆம், 14ஆம் வரிகள் வர வேண்டிய இடத்தில் அந்தப் பதிப்பில் இரண்டு ஜோடி வெற்று அடைப்புக்குறிகள் மட்டும் அச்சாகியிருக்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. பல பதிப்புகளில் அவற்றை எடுத்துவிடுவார்கள், எங்கள் கைடிலும் எடுத்துவிட்டிருந்தார்கள். அது கவிஞர் வைத்ததா, இரண்டு வரி காணோமே என்று அச்சகத்தில் போட்டதா என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். எனக்கு அது பெயர் எழுதாமல் கட்டின அட்டையாகத்தான் தெரிந்தது.

அப்பாவின் கணக்கில் தேர்ச்சி பெறுபவர் ஷேக்ஸ்பியர் காலத்து இன்னொரு கவிஞர், எட்மண்ட் ஸ்பென்சர். 1595இல் வந்த அவருடைய 'அமொரெட்டி' வரிசையில் 75ஆம் கவிதை பிரபலம். கடற்கரை மணலில் அவள் பெயரை எழுதுகிறார், அலை அழிக்கிறது. மறுபடி எழுதுகிறார், மறுபடியும் அழிக்கிறது. "வீண் வேலை, நானே ஒருநாள் இப்படி அழியப் போகிறவள்" என்று அவள் சொல்கிறாள். உன் பெயரை வானத்தில் எழுதுவேன் என்று அவர் பதில் சொல்கிறார். இதில் யாரும் கவனிக்காதது என்னவென்றால், முந்தைய 74ஆம் கவிதையிலேயே அவர் பெயரைச் சொல்லியாகிவிட்டது. எலிசபெத். பெற்ற தாய், நாட்டு ராணி, காதலி மூவருக்கும் அதே பெயர் என்று கொண்டாடுகிறார். முதலில் அட்டையைக் கட்டிவிட்டு அப்புறம்தான் மணலுக்குப் போயிருக்கிறார் மனுஷன்.

மில்டன் 23 வயது முடிந்ததை எழுதிய சானெட்டும் உங்கள் பாடத்தில் இருக்கலாம். இளமைத் திருடனான காலம் என் 23ஆம் வருடத்தைச் சிறகில் தூக்கிக்கொண்டு போய்விட்டதே, என் வசந்தத்தில் இன்னும் ஒரு மொட்டுகூட இல்லையே என்பார். கடைசியில் மேலே ஒரு பெரிய கங்காணி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சமாதானம் ஆகிவிடுவார். பெருங்காவியமான 'இழந்த சொர்க்கம்' வெளிவந்தபோது அவருக்கு 58 வயது.

அந்தக் கவிதையை நான் பாடம் நடத்தியபோது கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். கௌரவம் மட்டும் தினமும் வரும், சம்பளம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நிரந்தர ஆசிரியர் செய்யும் அதே வேலை, அதே விடைத்தாள் கட்டு, ஆனால் கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. மளிகைக் கடையில் மே மாதத்துக்கு விடுமுறை விடுகிறார்களா என்ன? கேட்டால் "உங்களுக்கு இன்னும் வயசு இருக்கு" என்பார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். 'காலம்' என்று கேட்டதும் வந்துவிட்டது. மில்டனின் கங்காணி என் பக்கம் திரும்பவில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

கீட்ஸ் உங்கள் கேள்வியின் காலத்தவர் இல்லை, ஆனாலும் சேர்த்துப் படியுங்கள். 1818 ஜனவரியில், 22 வயதில், மனதில் இருப்பதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் இறந்துவிடுவேனோ என்ற பயத்தை ஷேக்ஸ்பியரின் அதே வடிவத்தில் எழுதினார். ஆனால் கவிதை காப்பாற்றும் என்று சொல்லவில்லை. காதலும் புகழும் ஒன்றுமில்லாமல் மூழ்கும்வரை உலகின் கரையில் தனியாக நிற்கிறேன் என்று முடித்துவிட்டார். 25 வயதில் ரோமில் இறந்தார். கவிதை அச்சேறியது 1848இல். கல்லறையில் அவர் பெயர் இல்லை. நீரில் எழுதப்பட்ட பெயருடையவன் இங்கே கிடக்கிறான் என்ற வாசகம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். கூடவே நண்பர்கள் ஏதேதோ சேர்த்தார்கள், பெயரை மட்டும் சேர்க்கவில்லை.

தேர்வுக்கு என்றால் 73ஐ விடாதீர்கள். முதல் நாலு வரியில் இலையுதிர்காலம், அடுத்த நாலில் அந்தி, அடுத்த நாலில் அணையப் போகும் நெருப்பு. வருடம், நாள், சில நாழிகை என்று காலம் சுருங்கிக்கொண்டே வரும். பறவைகள் பாடிப் போன பாழடைந்த பாடகர் மேடை என்று வெற்றுக் கிளைகளைச் சொல்வார். எட்டாம் ஹென்றி 1530களில் மூடவைத்த மடாலயங்களின் இடிபாடுகள் அன்று கண்முன்னே இருந்தன. இதை எழுதினால் திருத்துபவர் நிச்சயம் டிக் போடுவார். பெயர் விஷயத்தை எழுத வேண்டாம். மூன்று மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பில்லை.

திருத்தம்: அப்பாவின் கடை இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அவர் இறந்த வருடமே மூடிவிட்டோம். யாரும் வந்து வாங்காத கடிகாரங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் அட்டை இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எப்போதோ கொடுத்த ஞாபகம் இருந்தால் பெயரையும் என்ன கோளாறு என்பதையும் மட்டும் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். ரிப்பேர் காசு வேண்டாம்.