பழைய மாருதி 800-இல் தரைத் தகடு ஓட்டை, கதவடியில் துருக் கொப்புளம்: பட்டி போட்டு பெயிண்ட் அடித்தால் போதுமா?

கேட்டவர் வண்டி 1998 மாடல், மதுரையில் ஓடுகிறது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை, இடது கதவின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம். பட்டறையில் "பட்டி போட்டு அடிச்சுரலாம்" என்றிருக்கிறார்கள்.

போதாது. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடி கொப்புளிக்கும். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசை, அதில் பெரும்பங்கு டால்க் மாவு. பின்பக்கத்திலிருந்து ஈரம் வந்தால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கதவடித் துரு உள்ளிருந்து வெளியே வருவது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்பக்கத் தகடு ஏற்கெனவே நன்றாக அரித்திருக்கும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கதவுக்குள் கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது குறை இல்லை. கதவின் அடியில் அதற்கென்றே சிறு துவாரங்கள் உண்டு. மண் அடைத்தாலோ, முன்பு பெயிண்ட் அடித்தவர் பட்டியால் மூடியிருந்தாலோ தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். தரைக்கு, மேட்டைத் தூக்கிவிட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். வயர் நுழையும் ரப்பர் வெடித்திருக்கலாம், கதவு ரப்பர் தளர்ந்திருக்கலாம், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையின் (பீடிங்) கீழ் மூலை கசியலாம். இதை அடைக்காமல் தகடு மாற்றுவது வீண் செலவு.

வண்டி முன்பு ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் ஓடியிருந்தால் அடிப்பாகத்தைக் கூடுதலாகச் சோதியுங்கள், கடல் காற்றின் உப்பு மடிப்புகளில் தங்கியிருக்கும். மதுரையில் உப்பு கூடுதலான போர் தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் செய்து ஈரத்தோடு நிறுத்துவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

சோதனைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு காந்தமும் போதும். ரன்னிங் போர்டு (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உள்கூடான பகுதி), ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரி தட்டு, ஸ்டெப்னி பள்ளம், வீல் வளைவு எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். மொறுமொறுவென்று உதிர்ந்தால் அது தகடே இல்லை. காந்தம் ஒட்டாத இடத்தில் பழைய பட்டி தடிமனாக இருக்கிறது.

ஓட்டை விழுந்த தரையை வெட்டித்தான் ஆக வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சீட்டையும் மேட்டையும் எடுத்துவிடுங்கள். அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் கிரைண்டரைத் தொடக் கூடாது. துரு தெரியும் விளிம்போடு நிறுத்தாமல், இன்னும் 2 செ.மீ. தள்ளி, நல்ல தகடு வரும் வரை வெட்ட வேண்டும். 10 செ.மீ. ஓட்டை சாதாரணமாக 15 செ.மீ. ஆகும். 0.8 மி.மீ. சி.ஆர். (கோல்டு ரோல்டு) இரும்புத் தகட்டில் ஒட்டு வெட்டி, மூலைகளை வளைவாக்கி, சுற்றிலும் 15 மி.மீ. மேலேற்றி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு முகங்களிலும் வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர் அடித்த பிறகே வெல்டிங் செய்ய வேண்டும், பின்னால் அந்த இடுக்கில் எந்தப் பெயிண்டையும் நுழைக்க முடியாது.

வெல்டிங்கில் கேஸ் வேண்டாம், மிக் (MIG, மெல்லிய கம்பி தானாக வரும் மின்சார வெல்டிங்) கேளுங்கள். கேஸ் சூடு பரவித் தகட்டை நெளித்துவிடும், சுற்றியுள்ள பெயிண்டையும் பின்பக்கம் எரித்துவிடும். அங்கிருந்து புதுத் துரு ஆரம்பிக்கும். மிக்கிலும் ஒரே கோடாக இழுக்கக் கூடாது. எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். ரன்னிங் போர்டு, சீட் போல்ட், சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களில் ரிவெட்டும் ஃபைபரும் ஏற்கவே கூடாது. மோதலில் உயிரைக் காப்பது அந்த இடங்கள்தான்.

ஓட்டை இல்லாத மேல்துருவை நீங்களே செய்யலாம். கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் எமரி. குழிகளில் கறுப்பாக நிற்பதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவர்; 15 முதல் 20 நிமிடம் காயாமல் ஈரமாகவே வைத்திருந்து, கழுவி, உடனே உலர்த்துங்கள். அமிலம் மிஞ்சினால் மேலே வரும் பிரைமர் பிடிக்காது. பிறகு எபாக்சி பிரைமர் இரண்டு கோட். ரெட் ஆக்சைடு வீட்டு கேட்டுக்குச் சரி, காருக்குப் போதாது.

பட்டி எபாக்சிக்கு மேலேதான் வர வேண்டும், வெறும் தகட்டில் அல்ல. 100 கிராமுக்கு 2 முதல் 3 கிராம் ஹார்டனர். சித்திரை வெயிலில் கலவை சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, காலை 10 மணிக்குள் முடியுங்கள். ஹார்டனர் கூடினால் மேல் பெயிண்டில் கறை ஏறும். தடிமன் 3 மி.மீ. தாண்டக் கூடாது, தாண்ட வேண்டியிருந்தால் டிங்கரிங் (தகட்டைத் தட்டிச் சமமாக்குவது) சரியாகவில்லை என்று பொருள், தகட்டைத்தான் இன்னும் தட்டி எடுக்க வேண்டும். பட்டியை உலர்வாகவே தேய்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எமரி, பட்டிக்கு மேல் அடிக்கும் சர்ஃபேசர் பூச்சுக்கு மட்டும். பியூ (பாலியூரிதேன்) பெயிண்டின் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

தரை ஒட்டின் விளிம்புக்கு, எபாக்சிக்கு மேல் பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். இறுகும்போது அசிட்டிக் அமிலம் விட்டு அதுவே துருப்பிடிக்க வைக்கும். எல்லாப் பெயிண்ட் வேலையும் முடிந்த பிறகு கதவுக்குள்ளும் ரன்னிங் போர்டுக்குள்ளும் நீளக் குழாய் வைத்து கேவிட்டி மெழுகு (உள்கூடுகளில் துருவைத் தடுக்கும் மெழுகு) அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் பெயிண்ட் பிடிக்காது. அடித்த மறுநாள் கதவடித் துவாரங்களை மறுபடி கம்பியால் குத்திப் பாருங்கள், மெழுகு அவற்றை அடைத்திருக்கும்.