சின்னத் திரையில் தமிழ் எழுத்து

கேள்வி: வயல் வாய்க்காலின் நீர்மட்டத்தைக் காட்டும் சிறு கருவியொன்றை 128×64 பிக்சல் திரையுடன் செய்து வருகிறேன். ஆங்கிலம் 5×7 பிக்சலில் தெளிவாகத் தெரிகிறது. தமிழ் அந்த அளவில் சிதைந்து போகிறது. என்ன செய்யலாம்? - வாசகர், அக்கரைப்பற்று.

பதில்: அந்த அளவைக் கைவிடுங்கள். 'ண'கரத்தின் மூன்று சுழிகளையும் இடைவெளிகளையும் ஐந்து பிக்சல் அகலத்துக்குள் அடக்கினால் அது 'ன'கரத்திலிருந்து வேறுபடாது. வயல்காரருக்கு 'தண்ணீர்' என்பதே பிழையாகத் தெரியும். 16 நிரை (பிக்சல்களின் கிடைவரிசை) உயரம் வையுங்கள்; திரையில் நான்கு வரிகள் கிடைக்கும், நீர்மட்டத்துக்கு அது தாராளம். மேல் மூன்று நிரைகளை மெய்ப்புள்ளிக்கும் இகர, ஈகரக் கொக்கிகளுக்கும், நடு எட்டை எழுத்தின் உடலுக்கும், அடுத்த நான்கை உகர, ஊகர வால்களுக்கும் ஒதுக்கி, கடைசி நிரையை வெறுமையாக விடுங்கள்.

247 எழுத்துகளையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், அகர உயிர்மெய் 18, மெய் 18, இகர, ஈகர, உகர, ஊகர வரிசைகள் 72, தனித்து நிற்கும் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு ஆகிய நான்கு என 125 வடிவங்கள் போதும். 16×16 கட்டத்தில் ஒன்றுக்கு 32 பைட், மொத்தம் 4,000 பைட். ஆர்டுயினோ ஊனோ R3 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் 32 கிலோபைட் நினைவகத்தில் இது சிறு பங்குதான்.

வரைவதைவிடக் கூடிய சிக்கல் வரிசையில் இருக்கிறது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் 'பொ' என்பது பகரத்தின் பின் ஒகரக்குறியாகச் சேமிக்கப்படுவதால், உங்கள் கருவியின் நிரலே (program) அக்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும்.