வைட் போடுகிற பையன்

அன்புள்ள அண்ணனுக்கு,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிரிக்கெட் அணி இதுவரை மென்பந்து மட்டுமே ஆடியது. சித்திரை வருசத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு கடினப்பந்துப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். துடுப்பாட்டம் பரவாயில்லை, பந்துவீச்சுதான் கவலை. வேகமாகப் போடுகிற ஒருவன் ஓவருக்கு மூன்று பந்தை மட்டைக்கு எட்டாமல் விலக்கி வைட் போடுகிறான். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்ப்பவன். ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்தும் திருந்தவில்லை. அவன் போடுவதைக் காணொளி எடுத்து, ரோசம் வரட்டும் என்று வட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். இன்னொருவன் பந்தை வீசாமல் எறிகிறான் என்று எதிரணிகள் சண்டைக்கு வருகின்றன. யூடியூப் பார்த்துப் பழகலாமா? நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் சரிவருமா? என்ன பயிற்சி கொடுக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புத் தம்பி,

கொஞ்ச நாளாகவே என் மனதில் கிடந்த விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள மைதானத்தில் பையன்கள் பயிற்சி எடுப்பதைப் பார்க்கிறேன். ஒருவன் மட்டையோடு நிற்கிறான், ஆறு பேர் அவனுக்குப் பந்து போட்டுக்கொடுக்கிறார்கள். அவன் அடித்தால் கை தட்டுகிறார்கள். போட்டவன் தேயிலைக்குள் இறங்கிப் பந்து தேடுகிறான். இருட்டும்வரை இதுதான். அந்த ஆறு பேரில் ஒருவனுடைய ஓட்டத்தையோ காலையோ யாரும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தவன் தேர்ச்சிக்காக உழைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது என்னவென்று நம்முடைய ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நாமே நம் பிள்ளைகளுக்குச் செய்யலாமா?

யூடியூப் பாருங்கள், கெடுதல் இல்லை. சப்பாத்தைப் பிறகு பார்க்கலாம்.

எறிகிறான் என்று சொல்லப்படும் பையனைப் பற்றி ஒன்று. முழங்கை மடங்கியிருப்பதை விதி தடுக்கவில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும்வரை அந்த மடிப்பு நீளக்கூடாது என்பதுதான் விதி. சர்வதேச ஆட்டங்களில் 15 பாகைவரை அனுமதி உண்டு. இதை வரம்பில் உட்கார்ந்து வெறுங்கண்ணால் அளக்க முடியாது. கண்டியில் பிறந்த நம் முரளிதரனுக்கு முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார், எறிகிறார் என்று அவருக்கு 7 தடவை நோபோல் கொடுத்தார். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடுதான் முரளி விடைபெற்றார். ஆகவே உங்கள் பையனுக்கு அவசரப்பட்டுப் பட்டம் கட்டாதீர்கள். அவன் எத்தனை எட்டு ஓடி வருகிறான் என்று மட்டும் பாருங்கள். லயத்து வீட்டு வாசலில் இரண்டு எட்டு வைத்துப் பழகியவனுக்கு ஓட்டத்திலிருந்து வேகம் கிடைக்காது. அந்த வேகத்தை முழங்கையை வெட்டி இழுத்துத்தான் எடுப்பான்.

இனி வைட் போடுகிற பையன். அவன் கையைத் திருத்தப் பார்த்திருக்கிறீர்கள். காலைப் பார்த்தீர்களா?

நான் ஆடிய காலத்தில் எங்கள் தோட்டத்து அணியில் ஒரு இடக்கைப் பந்துவீச்சாளன் இருந்தான். நல்ல உயரம், நல்ல வேகம். ஆனால் எந்தப் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. பந்தைப் பிடிக்கிற விரலை மாற்று என்றான் ஒருவன். கையை உயர்த்து என்றான் இன்னொருவன். தோளைத் திருப்பு, கண்ணை ஸ்டம்பில் வை, மெதுவாகப் போடு என்று ஆளுக்கொன்று. ஒரே தேயிலைச் செடியில் ஐந்து பேர் கவ்வாத்துக் கத்தி வைத்தால் அது தளிர்க்குமா? அவன் பந்து கேட்பதையே விட்டுவிட்டான்.

தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் ஒரு மாலை அவனைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துத் தரைக்குக் கூட்டிப் போனார். அவன் சின்ன வயதில் பந்து போட்டுப் பழகிய இடம் அது. மட்டை பிடிக்க ஆள் வேண்டாம் என்றார். ஒரு தேயிலை மிலாறுக் குச்சியை ஊன்றிவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் சிலர் பின்னால் நின்றோம். அவன் போட்டுக்கொண்டே இருந்தான், அவர் வாயே திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "கானைத் தாண்டுறான்டா" என்றார்.

அந்தத் தரையின் ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று உண்டு. ஓடிவர இடம் போதாமல் கானுக்கு அந்தப் பக்கமிருந்து தொடங்கி, மூன்றாவது எட்டில் அதைத் தாண்டி வந்துதான் அவன் பந்து போடப் பழகியிருக்கிறான். பெரிய மைதானத்துக்குப் போன பிறகும் மூன்றாவது எட்டில் அவன் கால் தானாகத் தாவியது. அந்தத் தாவலில் கடைசி எட்டுகள் குழம்பின. முன்கால் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. முன்கால் கோணினால் தலை சாயும், தலை சாய்ந்தால் பந்து கோட்டில் போகாது. அத்தனை பேரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டத்தைப் புதிதாக அளந்து கொடுத்தார் பெரியவர், அவ்வளவுதான். அவனுடைய விரலையோ தோளையோ அவர் தொடவே இல்லை.

அவர் அளந்த விதத்தைச் சொல்கிறேன். ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் உள்ள கோட்டில் நின்று, பெட்ஸ்மனுக்கு முதுகு காட்டி, எல்லைக்கோட்டை நோக்கி ஓடச் சொல்லுங்கள். எட்டை எண்ண வேண்டாம், கண் தரையில் வேண்டாம். உடம்பு சொல்கிற இடத்தில் அவன் பந்து விடட்டும். முன்கால் விழுந்த இடத்தில் ஒருவர் கல் வைக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும்போது கற்கள் ஓரிடத்தில் கூடும். அவன் ஓட்டம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். நம் மைதானங்கள் மலையை வெட்டிச் சமன் செய்தவை, ஒரு முனை ஏறும், மறுமுனை இறங்கும். இறக்கத்தில் எட்டு நீளும், ஏற்றத்தில் குறுகும். இரண்டு முனைக்கும் தனித்தனியாக அளக்காவிட்டால் அளந்தும் பயனில்லை. ஈரத் தரையில் இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஸ்டம்ப் மட்டும் ஊன்றி, பெட்ஸ்மன் இல்லாமல், ஆலோசனை சொல்ல யாரும் இல்லாமல் அவனைப் போடவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நெஞ்சு நேராகப் பார்க்க ஓடிவந்து போடுகிறவனிடம் "தோளைத் திருப்பு" என்று ஒருவர் சொன்னால், தோள் மட்டும் திரும்பும், இடுப்பு நேரே நிற்கும். அந்த முறுக்கு முழுவதும் கீழ்முதுகில் விழும். வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகெலும்பில் கீறல் விழ இது ஒரு முக்கியக் காரணம். அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லி போன்ற ஒருவரையே 1973இல் முதுகு முறிவு படுக்க வைத்தது, அவர் பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டுதான் திரும்பி வந்தார். அவருக்கு வைத்தியர்கள் இருந்தார்கள். உங்கள் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? மென்பந்தாக ஆடுகிற டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு, கடினப்பந்து 156 முதல் 163 கிராம். நேற்றுவரை பிடித்ததைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முதல் மாதம் அரை வேகத்தில், சில ஓவர்கள் மட்டும் போடட்டும்.

அந்தக் காணொளிக்கு வருகிறேன். அதைப் படித்ததும் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை. ரோசம் வரட்டும் என்கிறீர்கள். உங்களுக்காகப் பந்து போட்டவனை ஊர் பார்த்துச் சிரிக்க வைத்ததற்கு நீங்கள் வைத்த பெயர் அது. இன்றைக்கே அதை அழித்துவிடுங்கள். காணொளியைப் போட்டவர் அவன் வீட்டுக்குப் போய், அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும்.

நீண்ட கடிதத்தில் அவனுடைய வேலையை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பகல் முழுக்க மருந்து டேங்கை முதுகில் சுமந்து மலை ஏறி இறங்கியவனைத்தான் மாலையில் வேகமாகப் போடு என்கிறீர்கள். முதுகு வலிக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். வலி இருந்தால் வைத்தியரிடம் காட்டும்வரை பந்து வேண்டாம். வலி இல்லையென்றாலும் மருந்தடித்த நாளில் அவன் பந்து போடக் கூடாது. ஓட்டம் அளப்பதை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.