தை முகூர்த்தத்துக்கு வரும் சம்பந்தி வீட்டாருக்குச் சென்னையில் எதைக் காட்டலாம்?

கேள்வி: ஜனவரி கடைசி வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மயிலாப்பூர் மண்டபம் ஒன்றில் எங்கள் மகளின் திருமணம் நடைபெறுகிறது. சம்பந்தி வீட்டார் 30 பேர் டெல்லியிலிருந்து புதன் இரவே வந்து, சனி இரவு ரயிலில் திரும்புகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் அவர்களை எங்கெங்கே அழைத்துச் செல்லலாம்?

பதில்: சங்கீத சீசனில் கச்சேரி கேட்கலாம், சபா கேன்டீனில் சாப்பிடலாம் என்று யாரேனும் அவர்களிடம் சொல்லியிருந்தால், முதலில் அந்த எண்ணத்தை மாற்றிவிடுங்கள். மார்கழியில் நாம் முகூர்த்தம் வைப்பதில்லை. தை முகூர்த்தங்கள் களைகட்டும்போது சீசன் முடிந்திருக்கும். ஆயினும் மழைக்காலம் ஓய்ந்து, பகலில் 30 டிகிரியையும் இரவில் 20 டிகிரியையும் ஒட்டி வெப்பம் நிலவும் இந்த நாட்கள், ஊரை நடந்து பார்ப்பதற்கு ஆண்டிலேயே மிக ஏற்றவை. கனத்த கம்பளி உடைகளை டெல்லியிலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு வந்தவர்களை நகரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வேனில் அலைக்கழிப்பதை நான் விரும்புவதில்லை. மண்டபமே மயிலாப்பூரில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. வியாழன் காலை 7 மணிக்குள் கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, தரிசனம் முடிந்ததும் புன்னை மரத்தடிச் சந்நிதியையும், தெப்பக்குளத்தையும், பூக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நிறைந்த மாடவீதிகளையும் நிதானமாகக் காட்டுங்கள். நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலைப் பொழுதைத் தவறவிடக் கூடாது. சிற்றுண்டிக்கு ராயர் மெஸ் அருமையான இடம். ஆனால் அங்கே 30 பேர் ஒருசேர உட்கார இடமிராது. சிலரை அங்கேயும் மற்றவர்களைக் கற்பகாம்பாள் மெஸ்ஸுக்கும் அனுப்பிவிட்டு, எல்லோரையும் காளத்தி கடை ரோஸ் மில்க்குக்கு ஒன்று சேர்க்கலாம்.

அதன் பிறகு அவர்கள் இரண்டு குழுவாகப் பிரிவது நல்லது. பட்டுப்புடவை வாங்க விரும்புவோர் தியாகராய நகருக்குக் காலை 10 மணிக்கே போய்விட வேண்டும், ஏனெனில் மாலையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. மற்றவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதால் வியாழனே உகந்த நாள். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிற்பக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் பார்ப்பதற்காகவே சென்னைக்கு வரலாம் என்பது என் உறுதியான எண்ணம். மாலை நிச்சயதார்த்தத்துக்கு அலங்கரித்துக்கொள்ள அவகாசம் வேண்டுமல்லவா, பிற்பகல் 2 மணிக்குள் எல்லோரும் திரும்பிவிடட்டும்.

வெள்ளியன்று முகூர்த்தச் சாப்பாட்டுக்குப் பின் பெரியவர்களுக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம், ஓய்வே போதும். இளைஞர்களுக்கு மட்டும் ஒரு யோசனை உண்டு. பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் ஜனவரி முதல் முட்டையிடக் கரையேறும் காலம் என்பதால், மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிக் கடற்கரையோரமாக நடக்கும்போது பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். ஆமை கண்ணில் படுவது அன்றைய அதிர்ஷ்டம். எந்தெந்த இரவுகளில் நடக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையை மாமல்லபுரத்துக்கு ஒதுக்குங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு ஆகிய மூன்றையும் பார்த்துவிடலாம். எங்கேயும் கடலில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். நம் கரையோர நீரோட்டத்தின் வேகம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. திரும்பும் வழியில் முட்டுக்காட்டில், தென்னிந்தியப் பாரம்பரிய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா இருக்கிறது. பழைய செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் பெரியவர்கள் சற்று உட்கார்ந்து இளைப்பாறலாம். சனி மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல் கூடும் என்பதால், அங்கிருந்து 3 மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்; பெட்டிகளைக் கட்டி, கட்டுச்சாதத்துடன் சென்ட்ரலுக்குப் போய்ச்சேரப் போதுமான நேரமிருக்கும்.